1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் நிற்கும் நடுகற்கள் கணக்கு சுத்தமான ஆவணங்கள். எழுத்து வட்டெழுத்து, வயது ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷம், மேலே எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருக்கும். ஆனாலும் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்து நின்றால் போதும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, மாட்டை ஓட்டிப் போனது யார், மீட்கப் போய்ச் செத்தவன் யார், அவன் யாருடைய ஆள் என்று நாலு வரியில் சொல்லிவிடுவார். அதே மாவட்டத்தில் போன மாதம் அச்சடித்த பாஸ்புக்கை அவரிடம் நீட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாடு போயிருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. ஓட்டிப் போனது யார், எந்தப் பக்கம் போனார் என்பதற்குத் தடயமே இல்லை.

'ஏ.எம்.பி. சி.எச்.ஜி.', 'ஏ.சி.எச். டி.ஆர். ஆர்.டி.என்.', 'ஈகாம் பி.யு.ஆர்.' என்று இழுத்துக்கொண்டு போகிறது. உயிரெழுத்துகளைப் பிடுங்கிவிட்டு மெய்யை மட்டும் விட்டுவைப்பது வங்கிக்காரர்கள் பாணி. கணக்கு வைத்திருப்பவரிடமும் அதைத்தான் செய்கிறார்கள். இப்படி எழுதக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூன் 22 அன்றே சுற்றறிக்கை விட்டது. கட்டணம் பிடித்தால் அது என்ன வகைக் கட்டணம், எதற்காகப் பிடித்தது என்பதைச் சுருக்கமாகவாவது பாஸ்புக்கில் காட்ட வேண்டும் என்றது. வங்கிகள் அந்த உத்தரவில் 'சுருக்கமாக' என்ற சொல்லை மட்டும் சிரமேற்கொண்டன.

இதில் தருமபுரிக்குத் தனிப் பெருமை உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான். செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பணம் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. மகிழ்ந்து முடிப்பதற்குள், பணம் போய்விட்டதாக இன்னொன்று. குறைந்தபட்ச இருப்பு இல்லை, அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. பிடித்தம் செய்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள் என்று அரசே தன் குடிமக்களிடம் சொன்னது.

இந்த வேட்டை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அபராதம் பிடித்துப் பிடித்தே சேமிப்புக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2015 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. நல்ல விதி. அதனால் கணக்கில் ஒன்றுமில்லாதபோது கணினி எடுக்காது. பாக்கி என்று குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். உரிமைத்தொகையோ நூறுநாள் வேலைக் கூலியோ கேஸ் மானியமோ உள்ளே வரும். வந்த அன்றே பாக்கி தீரும். ஏழை கையில் காசு இல்லாத குற்றத்துக்கான தண்டனையை, காசு வரும் நாள் பார்த்து நிறைவேற்றுகிறார்கள். இது சில்லறை விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு: 2018-க்குப் பிறகு பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மட்டும் வசூலித்தது 21,000 கோடி ரூபாய்க்கு மேல், குறுஞ்செய்தி அனுப்பியதற்கு 6,254 கோடி. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. ஸ்டேட் பேங்க் 2020-லேயே இந்த அபராதத்தை விட்டுவிட்டது. இன்னும் சில அரசு வங்கிகளுக்கு 2025-இல் ஞானோதயம் வந்தது. அதுவரை எடுத்தது எடுத்ததுதான்.

சரி, புரியாத தொகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி. செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறது, தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் திருடன் வெளியூர்க்காரன் இல்லை. 17.70 என்றால் 15. மூன்று மாதக் குறுஞ்செய்திக்கு. 23.60 என்றால் 20, ஏ.டி.எம்.மில் இருப்புக்கு மேல் கேட்டு ஏமாந்து திரும்பியதற்கு. 236 என்றால் 200. பீரோவில் தூங்கும் ஏ.டி.எம். கார்டுக்கு வருஷ வாடகை. 295 என்றால் 250. கடன் தவணை எடுக்க வந்தபோது கணக்கு காலியாக இருந்ததற்கு. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏழைக்கு அபராதம் விதிப்பதும் ஒரு சேவையாம். சேவைக்கு வரி உண்டாம். ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20 என்று மே மாதக் கடைசியில் போகும் இரண்டு தொகைகள் இந்த வகுத்தலில் சிக்காது. அவை பிரதமர் பெயரில் நடக்கும் திட்டங்கள். சேர்த்துவிடச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கவுன்ட்டரில் கேட்டால்? பென்னாகரமானாலும் அரூரானாலும் வசனம் ஒன்றுதான்.

"சார், இந்த இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு என்னா சார்?"

"சிஸ்டம் எடுத்திருக்கும்மா."

"எதுக்கு சார் எடுத்துச்சு?"

"அது ஆட்டோமேட்டிக்கா எடுக்கும்."

"அப்ப ஆட்டோமேட்டிக்கா திருப்பிப் போடுமா சார்?"

"அடுத்து யாரு, வாங்க!"

சிஸ்டம் என்பவருக்கு உருவம் கிடையாது, மேசை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. எடுக்கும்போது மட்டும் தானாக இயங்குவார். கொடுக்க வேண்டுமென்றால் விண்ணப்பம், ஆதார் நகல், மும்பையில் தலைமை அலுவலகம்.

1.18-இல் சிக்காமல் 99, 149, 299 என்று முடியும் தொகைகள் ஆன்லைன் கடைக்காரர்கள் ராஜ்ஜியம். இங்கே கூத்து வேறு மாதிரி. காரிமங்கலத்திலிருந்து ஒரு பெண் மீஷோவில் புடவை வாங்குகிறார். மீஷோவை நடத்திய கம்பெனியின் பதிவுப் பெயர் பல வருஷம் ஃபாஷ்னியர் டெக்னாலஜீஸ். கடைப் பெயரில் விளம்பரம், கம்பெனிப் பெயரில் வசூல், இடையில் ரேசர்பே, பேயு, பில்டெஸ்க் என்று பணத்தை வாங்கிக் கைமாற்றும் தரகர்கள். வங்கிக் கணக்கில் கடை, கம்பெனி, தரகர் என்ற மூன்றில் எந்தப் பெயர் விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். யு.பி.ஐ. வரியாக இருந்தால் நடுவில் ஒரு வங்கிக் குறியீடும் சேரும். 'யு.டி.ஐ.பி.' என்று வந்தால் அது ஆக்சிஸ் வங்கி. அந்த வங்கி 2007-லேயே பெயர் மாறிவிட்டது. குறியீட்டுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது. தான் வாங்கிய புடவையின் விலையையே திருட்டு என்று பயந்து ஒருவர் வங்கிக்கு ஓடுகிறார். நிஜத் திருட்டை, இதுவும் ஏதோ புடவைதான் என்று இன்னொருவர் விட்டுவிடுகிறார். இந்தக் குழப்பத்தில் லாபம் யாருக்கு என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

ஜோசியர் என்றதும் நினைவு வருகிறது. 'ஒரு ரூபாயில் ஜாதகம் பாருங்கள்' என்று ஒரு செயலி. ஒரு ரூபாய்தானே என்று யு.பி.ஐ. பின் எண்ணைப் போடுகிறோம். அங்கே நாம் கொடுத்தது ஒரு ரூபாய் இல்லை, மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதி. இப்படித் தானாகப் போகும் தொகைக்கு, முதல் தடவைக்குப் பிறகு 15,000 ரூபாய் வரை மறுபடி பின் எண் கேட்க வேண்டியதில்லை. 15,000 என்பது பதினைந்து மாத உரிமைத்தொகை! எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, சொல்கிறார்கள், ஆங்கிலத்தில். கேட்காமல் கூடைக்குள் பொருளைத் திணிப்பது, சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேறும் வழியை ஒளித்துவைப்பது உட்பட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அதற்குப் பிறகு 2025 ஜூனில், உங்கள் தளத்தில் இந்தத் தந்திரங்கள் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. மாட்டை ஓட்டிப் போனவனிடமே தொழுவத்தை எண்ணிச் சொல்லச் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம்தான். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு கருணை. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லுங்கள். உங்களுக்கு நட்டம் பூஜ்யம். பத்து வேலை நாளில் தொகையைக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. கவுன்ட்டரில் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல யாருக்காவது நா எழுந்ததா? "ஓ.டி.பி. யாருக்காச்சும் சொன்னீங்களா?" என்றுதான் விசாரணை தொடங்கும். சொல்லவில்லை என்று நிரூபிக்கும் வரை நீங்கள் குற்றவாளி.

நான்காவது வேலை நாளிலிருந்து ஏழாவது வேலை நாளுக்குள் சொன்னால் அடிப்படை சேமிப்புக் கணக்கில் 5,000 வரை, சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 வரை நட்டம் உங்கள் தலையில். அதற்கும் மேல் தாமதமானால் வங்கி வாரியம் வைத்ததே சட்டம். மூன்று நாள்! சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ டவர் எட்டாத மூலையில் இருப்பவர், குறுஞ்செய்தி வந்து, அதைப் படிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைத் தேடி, இது தன் செலவு இல்லை என்று உறுதிசெய்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று சொல்லி முடிக்க மூன்று நாள். தான் எழுதுகிற வரியைப் புரியும்படி எழுத வங்கிக்கு மட்டும் கெடு கிடையாது.

ஆகவே தெரியாத தொகை போனால் முதலில் வங்கியின் இலவச எண்ணில் சொல்லி கார்டை முடக்குங்கள். மோசடி என்றால் 1930. வங்கி முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448. கிளைக்குப் போகும்போது கடிதம் தமிழிலேயே எழுதுங்கள். தேதி, தொகை, 'இது என்ன என்று எழுத்தில் சொல்லவும்' என்று ஒரு வரி. இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். சீல் உள்ளே இருக்கிறது, மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்கம்மா என்பார்கள். அந்த நாளை, நான்காவது வேலை நாளாக இருக்கும்.