ரெட்டுக்கு ஃபாலோ, மூக்குக்கு முகக்கவசம்

கேள்வி: கொரோனா நேரத்தில் எங்கள் கேரம் கிளப் போட்டியில் முகக்கவசம் போடாதவரை ஆடவே விடவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தேவைதான். அரசு சொன்ன இடைவெளி 6 அடி; கேரம் பலகையில் காய் ஓடும் இடமோ 74 செ.மீ.தான். நாலு பேர் குனிந்து ஒரே காற்றை மாற்றி மாற்றி இழுக்கிற ஆட்டம்! முகக்கவசம் போடாததற்கு 2020 செப்டம்பரில் தமிழக அரசு விதித்த அபராதம் 200 ரூபாய். 2022இல் 500 ஆனது. அபராதத்தை விடுங்கள். தறி ஷிப்ட் முடிந்து ஆட வருகிறவர் வீட்டில் வயதான அம்மா இருப்பாரே. கேரமில் ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்து ஃபாலோ காயைப் போடாதவருக்கு ரெட்டுக்கான புள்ளி தருவீர்களா? மூக்குக்குக் கீழே தொங்கிய கவசமும் அப்படித்தான். தடுத்த கிளப்காரர்களுக்கு ஒரு வணக்கம். ஜன்னலையும் திறந்து வைத்திருந்தால் இரண்டு.