போடியாரும் 14 மட்டைகளும்

மட்டக்களப்பு வெல்லாவெளிக்காரர் கொல்ஃப் மைதானத்துக்குப் போகுமுன் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் புல் இருக்கும். ஒரு மாடு இருக்காது. நெல் விளையாத நிலத்துக்கு விழுந்து விழுந்து தண்ணீர் பாய்ச்சுவார்கள். "இதில எத்தனை ஏக்கர் விதைக்கலாம்?" என்று கேட்க வாய் துருதுருக்கும். கேட்கக் கூடாது. நிலபுலம் உள்ள போடியாரான என் மாமா கேட்டார். அதன் பிறகு அங்கே எல்லாரும் அவரைக் காணி வாங்க வந்தவராகவே பார்த்தார்கள்.

எங்கள் கிழக்கில் ஒரு மைதானம் திருகோணமலை சீனக்குடாவில் இருக்கிறது, விமானப் படை நடத்துவது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம் என்று மற்ற ஊராருக்குச் சொல்லலாம். படுவான்கரையாரான எங்களுக்குத் தேவையில்லை. சோதனைச் சாவடிகள் பழக்கியதில், சாரத்தை மறந்தாலும் அதை மறந்து நாங்கள் பட்டிருப்புப் பாலம் தாண்டியதில்லை.

கொழும்பில் ரோயல் கொல்ஃப் கழகம் இருக்கிறது. 1879இல் தொடங்கி, முதலில் காலிமுகத் திடலில் ஆடி, 1896இல் பொரளைப் பக்கம் போய், 1928இல் 'ரோயல்' பட்டமும் வாங்கியது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் அந்த மைதானத்தின் ஊடாகவே ஓடுகிறது. பெரிய மனிதர்கள் மட்டையைத் தாழ்த்தி, மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு வழிவிட்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

தனியார் கழகத்தில் படலையைத் திறந்துகொண்டு உள்ளே நுழைய முடியாது. அங்கத்தவர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும். அல்லது முன்கூட்டியே பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். கொலர் வைத்த சேர்ட் அவசியம். டெனிமைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். சாரத்தைக் கண்டால் என்ன செய்வார்கள் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒருவர் அடிக்கும்போது மூச்சு விடலாம், பேசக் கூடாது. பந்து ஆளை நோக்கிப் பறந்தால் மட்டும் 'ஃபோர்' என்று கத்தலாம். யானை விரட்ட வெடி கொளுத்திப் பழகிய எங்களுக்கு இது சத்தமே இல்லை. அதற்காக வெடியைக் கொண்டுபோகாதீர்கள்.

பையில் 14 மட்டைகள்வரை வைத்திருக்கலாம். ஒரே மண்வெட்டியால் வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, பாம்பும் அடிக்கிற மாமாவுக்கு இது விளங்கவேயில்லை. "ஒரு குழிக்கு இத்தனை ஆயுதமா மனே?" என்றார். குழியின் விட்டமோ வெறும் 108 மில்லிமீற்றர்.

விதிப் புத்தகத்தில் எங்களுக்கு மிகவும் வேண்டியது 16.2. பந்துக்குப் பக்கத்தில் ஆபத்தான பிராணி நின்றால், தண்ட அடி இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம். நச்சுப் பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி என்று உதாரணம் அடுக்கியவர்கள் யானையை விட்டுவிட்டார்கள். அறுவடை நேரத்தில் எங்கள் வயல் வட்டைப் பக்கம் வராதவர்கள் எழுதியது. ஆனால் பிராணிகளின் சாணத்தை எடுத்து அப்பால் போட அனுமதி உண்டு. ஆட்டக்காரர் ஒரு கைக்கு மட்டும் உறை போடுவது ஏன் என்பது மாமாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் கிடையாது. பெயர்த்த புல்லை நீங்களே சரிசெய்ய வேண்டும், அடித்த அடியையும் நீங்களே எண்ணிச் சொல்ல வேண்டும். குறைந்த கணக்குக்காரர் வெல்வார்.

"குறைச்சுச் சொல்றவன்தான் வெல்லுவானா? அப்ப என்ர குத்தகைக்காரன் எல்லாரும் சம்பியன்தான்!" என்றார் மாமா.

பயிர்க் காப்புறுதிக்காரர் வந்து எத்தனை மூட்டை என்று கேட்கும் போகங்களில், கிண்ணம் மாமாவுக்குத்தான்.