வறுமைத் தணிக்கையாளர்

தமிழ்நாட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் மாடியில் தோட்டம் போடுகிறார்கள். சிலர் அறுபது வருஷமாகத் தொடாத கீதையைத் தொடுகிறார்கள். இவற்றில் எதிலும் மனம் செல்லாதவராய், அரசாங்கம் நியமிக்காமலும் தனிச் சம்பளம் கேட்காமலும், ஊரிலுள்ள ஏழைகள் மெய்யாகவே ஏழைகள்தாமா என்று பரிசோதிக்கும் மகத்தான கைங்கரியத்தைத் தாமே தலைமேல் ஏற்றுக்கொண்ட ஒருவரும் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அவரைத்தான் வறுமைத் தணிக்கையாளர் என்கிறேன்.

அவருடைய காரியாலயம் நியாயவிலைக் கடைக்கு எதிரேயுள்ள டீக்கடை பெஞ்சு. அங்கே அமர்ந்தபடி, வரிசையில் நிற்கும் பெண்களின் காது, கழுத்து, கை, செருப்பு என்ற கிரமத்தில் அவர் பார்வை இறங்கிவரும் நேர்த்தி, அடகுக்கடையில் நகையை உரைத்துப் பார்க்கிறவருக்கும் வாய்க்காது. காதில் தோடு மின்னினால், "இவளுக்கெல்லாம் எதுக்கு சார் ரேஷன்?" என்பார். தோட்டுக்குப் பதில் துடைப்பக்குச்சி செருகியிருந்தால், "பாருங்க, தோட்டை அடகு வெச்சுப் புருஷன் குடிச்சிருப்பான், இவங்களுக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்பார். ஸ்கூட்டியில் வந்து இருபது கிலோ அரிசி மூட்டையை ஏற்றிச் செல்பவளைக் கண்டால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். தலையில் சுமந்து, நடுவில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனால்தான் அது முறைப்படி பெறப்பட்ட இலவச அரிசி.

ஏழை எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதற்கு அவரிடம் எழுதாத ஸ்மிருதி ஒன்று உண்டு. மின்விசிறி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது சத்தம் போட வேண்டும். மல்லிகைப்பூ அம்மன் படத்துக்கென்றால் தோஷமில்லை, தலைக்கென்றால் ஆடம்பரம். பழஞ்சோறும் பச்சை மிளகாயும் அவர் மனமார அங்கீகரித்த ஆகாரம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழி வாங்கினாலோ, வறுமை அன்று காலையோடு ரத்தாகிவிடுகிறது. செல்போன் விஷயத்தில் சித்தாந்தம் இன்னும் நுணுக்கமானது: பொத்தானை அமுக்கும் போன் அனுமதிக்கப்பட்டது, விரலால் தேய்க்கும் போன் விலக்கப்பட்டது. குடும்ப அட்டைக்கு மனுப் போடுவதற்கும், ஆதாரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும், பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கும்கூடப் போனைத் தேட வேண்டிய காலம் இது என்று யாராவது எடுத்துரைத்தால், அவர் சற்றும் கலங்காமல், "நம்பர் இருக்கட்டும், சார், போன் எதுக்கு?" என்று கேட்பார்.

சரித்திரத்திலும் அவர் வல்லவர். 1956-இல் காமராஜர் மதிய உணவு போட்டாரே, அதுவல்லவா தர்மம் என்று உருகுவார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இளம் குமாஸ்தாவாக இருந்த இதே மனிதர், கஜானா காலியாகிவிடும் என்று ஆபீஸ் கேன்டீனில் மேஜையைக் குத்தி உபந்நியாசம் செய்தார். 1989-இல் அதே சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தபோது, "சாப்பாடு சரி, முட்டை எதுக்கு?" என்றார். இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் முட்டை போடுகிறார்கள். அதைப்பற்றி அவருக்கு ஆட்சேபமே இல்லை. ஏனெனில் 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்துவிட்டது. "பொங்கலாம், கிச்சடியாம்! எம்.ஜி.ஆர். கொடுத்தது சோறு, சார், அதுல ஒரு நியாயம் இருந்தது" என்கிறார். எந்தத் திட்டத்துக்கும் அவருடைய ஆசீர்வாதம் கிடைக்க ஏறத்தாழ முப்பது வருஷம் பிடிக்கிறது என்பது என் அனுமானம். 2006-இல் வழங்கத் தொடங்கிய கலர் டி.வி. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் அவர் கஞ்சர் அல்ல. தீபாவளிக்குப் பழைய புடவை கொடுப்பார். நேற்றைய சாம்பாரை இன்று காலையிலேயே கொடுப்பார். கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வரவில்லையே என்பதுதான் அவருடைய விசாரம். கொடை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாங்கியவர் கொஞ்சம் கூனி நிற்க வேண்டும், அவ்வளவே அவர் எதிர்பார்ப்பது. யாரிடமும் குனியாமல் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் அவருக்குத் தர்மமாகவே படுவதில்லை.

ஆகவே 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதும் அவருக்குத் தூக்கம் கெட்டது. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக்கூடாது, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கக்கூடாது என்று அரசாங்கம் விதித்த நிபந்தனைகள் அவருக்குப் பரம திருப்தி அளித்தன. போதவில்லை என்பதுதான் குறை. வீட்டு வேலை செய்யும் பெண்மணியைத் தாமே கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்மா, ஆயிரம் வருதே, என்ன பண்றே?"

"போன மாசம் பாப்பாவுக்குக் கொலுசு வாங்கினேங்கய்யா."

"கொலுசா! அது என் வரிப்பணம்மா."

"நீங்க குடுக்கற சம்பளத்துல வாங்கினதா நெனச்சுக்கங்கய்யா, அந்த ஆயிரத்துல மளிகைக் கடன அடைச்சிட்டேன்."

இந்தப் பதிலில் எங்கோ ஒரு மோசடி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தன் போனுக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் 18 சதவீதம் வரி கட்டுகிறாள் என்பதும் அவருடைய பேரேட்டில் இல்லை.

அவருடைய சொந்தக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்ட புண்ணியவான் ஆதலால், தம் சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிக்கப்படாமலே உபகாரச் சம்பளம் பெறுகிறார். ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி அறிவிப்பு ஒரு வாரம் தாமதித்தால் அரசாங்கத்துக்கு ஏழை எளியவர்மேல் கருணையே இல்லை என்கிறார். 2016-இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அவர் கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று தனித்தனி மீட்டர் வைத்து 200 யூனிட்டாகப் பெறுகிறார். 2020 மார்ச்சில் ரயிலில் முதியோர் சலுகையை நிறுத்தினார்களே, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதே வருஷக் கடைசியில், சர்க்கரை அட்டைக்காரர்கள் விரும்பினால் அரிசி அட்டைக்கு மாறலாம் என்று அறிவிப்பு வந்தபோது அவர் முதல் வாரத்திலேயே மாறிவிட்டார். 2021 பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 2,500 ரூபாய் கிடைத்தது. ஒருவர் அதை ஞாபகப்படுத்தியதற்கு, "நாம வாங்கலேன்னா கடைக்காரன் எடுத்துப்பான், சார், ஊழலைத் தடுக்கத்தான் வாங்கறேன்" என்று விளக்கம் அளித்தார்.

அந்த அட்டைக்குக் கிடைக்கும் அரிசியையும் அவர் வீணாக்குவதில்லை. வீட்டில் இட்லி பஞ்சுபோல் இருப்பதற்கு ரேஷன் அரிசியே காரணம் என்பதை அவருடைய மனைவி விருந்தாளிகளிடம் மட்டும் சொல்வதில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். ரேஷன் கடையில் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுங்கள். ஆனால் வரிசையில் மட்டும் அவருக்கு முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். கடைசிப் பாமாயில் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.