மேலான வண்ண சமூகத்துக்கு, பாகலூரிலிருந்து

அனுப்புநர்: வாடகைக்கு விட வீடு கட்டிய ஒருவன், பாகலூர், ஓசூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வண்ணத் தேர்வாளர்கள், பேண்டோன் வண்ண நிறுவனம், நியூ ஜெர்சி, அமெரிக்கா.

பொருள்: வீட்டுக்குச் சாம்பல் நிறம் பூசியது – அடுத்த உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது 2020 டிசம்பர் அறிவிப்பு.

ஐயா / அம்மா,

பார்வையில் கண்ட அறிவிப்பில், 2021-ஆம் ஆண்டின் நிறங்கள் 'அல்டிமேட் கிரே'யும் 'இல்யூமினேட்டிங்'கும் என்று சாம்பலையும் மஞ்சளையும் ஜோடி சேர்த்திருந்தீர்கள். கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். சேதி எங்கள் ஊருக்கு வந்து சேரச் சில வருஷம் ஆகிவிட்டது. வந்ததும் சாம்பல் மட்டும்தான். மஞ்சளை அத்திப்பள்ளி செக்போஸ்டிலேயே இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

சாம்பலைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. பூசிவிட்டோம். எலிவேஷனுக்கு டார்க் கிரே, உள்ளே லைட் கிரே, கிரில்லுக்குக் கறுப்பு. என்ஜினியர் காட்டிய 3டி படத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் படத்தில் வாசலில் புல்வெளியும், பெயர் தெரியாத நீளமான காரும், கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்காரியும் இருந்தார்கள். வீடு முடிந்து பார்த்தால் மூன்றும் வரவில்லை. சாம்பல் மட்டும் சொன்ன சொல் தவறாமல் வந்தது.

முன்பெல்லாம் எங்கள் தெருவில் நிறம் என்பது வீட்டுக்காரரின் குணம். ஒருவர் கிளிப்பச்சை. ஒருவர் மகள் கல்யாணப் புடவையையே பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்து, "இதே கலர்" என்று கத்தரிப்பூ நிறம் கலக்கச் சொன்னவர். கட்சிக்கொடியைச் சுவரில் இறக்கியவர்களும் உண்டு. ஆட்சி மாறினால் கீழ்வரிசை மட்டும் மாறும். கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும் என்பது உண்மை. ஆனால் வழி சொல்லச் சுலபம்: "ரோஸ் வீடு தாண்டி, பச்சை வீட்டுக்கு எதிரே." இப்போது கூரியர் பையன் போனில், "அண்ணா, கிரே வீடுன்னு சொன்னீங்க, எந்தக் கிரே வீடு?" என்கிறான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏன் பூசினோம் என்று தாங்கள் கேட்கலாம். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் இங்கே வாடகைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று புரோக்கரைக் கேட்டால், "யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறமாப் பாருங்க சார்" என்கிறார். அதுதான் சாம்பல். குடியிருக்கப் போகிறவன் இன்னும் வரவில்லை, அவன் முகம் எப்படி என்று தெரியாது, அவனுக்கு மனம் கோணக்கூடாதென்று சுவர் இப்போதே தலைகுனிந்து நிற்கிறது. இதில் வேடிக்கை, தன் குடும்பம் மட்டுமே இருக்கப்போகிற வீட்டுக்கும் ஆட்கள் இதையே அடிக்கிறார்கள். "நாளைக்கு விக்கிறதா இருந்தா?" என்கிறார்கள். கிரகப்பிரவேசம் இன்னும் நடக்கவில்லை.

அடிக்கிறவர்களில் பாதிப்பேர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் போகிறவர்கள் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கம்பெனி பேனல் போர்டின் நிறம் ஆர்ஏஎல் 7032. பவுடர் கோட்டிங் பட்டறையில் அதையே சீமென்ஸ் கிரே என்றால் சின்னப் பையனும் எடுத்துக் கொடுப்பான். கதவு கிரே, தரை கிரே, கூரைத் தகடும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். எட்டு மணி நேரம் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த நிறத்தை, வங்கிக் கடன் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம்.

இதற்கு நாங்கள் மட்டும் பொறுப்பில்லை. பிரிட்டனின் அறிவியல் அருங்காட்சியகக் குழுமம், தன் சேகரிப்பிலுள்ள 7,000-க்கும் மேற்பட்ட அன்றாடப் பொருள்களின் படங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, காலம் செல்லச் செல்லச் சாம்பல் கூடிக்கொண்டே வருவதை 2020-இல் சொன்னது. பாகலூரையும் சேர்த்திருந்தால் கணக்கு இன்னும் சுத்தமாக வந்திருக்கும்.

நிற்க. பெயின்டர் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்: "கிரே அடிச்சா அழுக்கு தெரியாது சார்." எம்-சாண்ட் டிப்பர் கிளப்பும் தூசிக்கு அது சரி, அதுவும் சாம்பல்தான், வந்து உட்கார்ந்தால் உறவுக்காரர் மாதிரி, தனியாகத் தெரியாது. ஆனால் எங்கள் மண் செம்மண். எங்கள் ஊர்ச் சாலையில் கர்நாடக எல்லை தாண்டினால் மாலூர். அங்கே ஓடும் செங்கல்லும் சுடுகிறார்கள் என்றால் மண் எப்படியென்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மழையில் சுவரின் அடி இரண்டடிக்குச் சிவப்புத் தெறித்து, யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல் ஆகிவிட்டது. பழைய வீடுகளில் சுவரின் அடியில் காவிப் பட்டை இழுத்திருப்பார்கள். தெறிக்கும் சேறு அதில் விழுந்து அதிலேயே மறையும். அந்தப் பட்டையைப் 'பட்டிக்காடு' என்று அழித்தவர்களில் நானும் உண்டு. தாங்கள் ஒரு நிறத்தை அறிவிக்கும்போது அது எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் உபகாரமாக இருக்கும்.

விடுபட்டுப்போன மஞ்சளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது எங்களிடம் வயலில் இருக்கிறது, சாமந்தியாக. பசுமைக்குடிலில் ரோஜா இருக்கிறது. பிப்ரவரி 14-க்கு முன்னால் ஓசூர் பக்கத்து 'தாஜ்மகால்' சிவப்பு ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. நிறத்தை ஏற்றுமதி செய்துவிட்டு, வந்த காசில் சாம்பல் வாங்குகிறோம். அன்னியச் செலாவணிக்கு இது நல்லதா என்று யாராவது கணக்குப் பார்க்கலாம்.

இந்த நிலையில் 2026-க்குத் தாங்கள் 'கிளவுட் டான்சர்' என்று வெள்ளையை அறிவித்திருக்கிறீர்கள். எங்கள் பாட்டிமார்கள் கல் சுண்ணாம்பைத் தாழியில் நீற்றி, சிட்டிகை நீலம் போட்டு, பொங்கலுக்கு ஒரு முறை, யுகாதிக்கு ஒரு முறை அடித்தது இதுவேதான். அவர்களுக்கு முன்தேதியிட்டு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பக் கோருகிறேன்.

அது கிடக்க, டார்க் கிரே மேல் வெள்ளை ஏறுவது லேசில்லை என்கிறார் பெயின்டர். பிரைமர் ஒரு கை, அதற்கு மேல் வெள்ளை மூன்று கை, கூலி தனி. இந்தச் செலவைத் தாங்கள் ஏற்பீர்களா, அல்லது 2027-இல் மறுபடி சாம்பல் வருமா, அதுவரை பொறுத்திருக்கலாமா என்பதைத் தெரிவிக்கவும். யுகாதிக்கு முன்பே பதில் தேவை. பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அவர் திருப்பித் தரமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
வீட்டுக்காரன்