இட்டேரிக்கு எதுக்கு இமயமலை?

வா அப்புனு, உக்காரு. அந்தக் கயித்துக் கட்டிலை இழுத்துப் போட்டுக்க. மூணு மாசமா ராவும் பகலும் போனையே உத்துப் பாத்துட்டு இருந்தியே, பொண்ணு கிண்ணு பாக்கறயாக்கும்னு நெனச்சேன். உங்காத்தாளும் அப்படித்தான் நெனச்சு, எருமை வித்த காசைத் தொடாம எடுத்து வச்சிருக்கறா. கடைசில பாத்தா வண்டி!

அதும் எப்பேர்ப்பட்ட வண்டி? பைபாஸ்லயும் பறக்கோணும், காட்டுலயும் தவ்வோணும். ரெண்டும் ஒண்ணுலயே. பாலுங் கறந்து பந்தயத்துலயும் ஓடற மாடு எங்காச்சும் இருந்தா சொல்லு, புதன்சந்தையில நானே தும்பு மாத்திப் புடிச்சுட்டு வாரேன்.

நீ சொன்னியே ஒரு வார்த்தை, ஆப்ரோடுன்னு. அப்படின்னா என்னப்பா? ரோடு இல்லாத எடம். அதைத்தானே நாங்க அம்பது வருசமா மனு மேல மனு எழுதி ஒழிக்கப் பாத்தோம்? மழை பேஞ்சா பிரசவத்துக்குக் கட்டில்ல தூக்கிட்டு ஓடுன தடம் அது. தார் போட்டதும் ஊரே கெடா வெட்டுச்சு. இப்ப நீ கடன் வாங்கி, வண்டி வாங்கி, தார் இல்லாத எடத்தைத் தேடிப் போற. போ சாமி, போ. ஆனா கணக்குப் போட்டுட்டுப் போ.

நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வாசல்ல சேஸியக் கொண்டு போய் நிறுத்திப் பாரு. மொதக் கேள்வி பெயிண்ட்டப் பத்தி வராது. "என்ன லோடுங்க ஏத்தப் போறீங்க?"ம்பாங்க. கோழிக்கு ஒரு கூண்டு, மூட்டைக்கு ஒரு தொட்டி, டேங்கருக்கு வேற கணக்கு. திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டி கட்டறவங்களும் அப்படித்தான். லோடு தெரியாம ஒரு பலகை அறுக்க மாட்டாங்க.

உன் லோடு என்ன? நீ ஒருத்தன், ஒரு சோத்துப் போசி. ராசிபுரத்துப் பக்கத்துலருந்து சேலத்துக்கு வேலைக்குப் போற. மாசத்துல 26 நாளு 44ஆம் நம்பர் ரோடு. நாங்க 7ன்னு சொல்லிப் பழகுன ரோடுதான். ஸ்ரீநகர்ல புடிச்சா கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ரோடு. காஷ்மீருக்குப் போற அதே ரோட்டுலதான் நான் பருத்திக்கொட்டை மூட்டை வாங்கப் போறேன், எம்பட டி.வி.எஸ். எக்ஸெல்லுல. மிச்சம் நாலு ஞாயித்துக்கெழமை. அதுல ஒண்ணு கல்யாணம், ஒண்ணு காது குத்து, ஒண்ணு மழை. ஒண்ணே ஒண்ணுதான் உன் ஆப்ரோடு.

அதும் எங்க? கொல்லிமலைங்கறே. காரவள்ளி அடிவாரத்துல புடிச்சா 70 கொண்டை ஊசி வளைவு, நெசந்தான். ஆனா அது தார் ரோடு கண்ணு! கவர்மென்ட்டு பஸ்ஸு தெனமும் பலாப்பழத்தையும் பாட்டிகளையும் ஏத்திக்கிட்டு ஏறி எறங்குது. டிரைவரு ஒத்தக் கையில வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டே திருப்பறதை நான் பாத்திருக்கறேன். நீ என்னடான்னா மொழங்கால் கவசம், முதுகுப் பட்டை, ஹெல்மெட்டு மேல கேமராவெல்லாம் மாட்டிட்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலயே பொகையக் குடிச்சுட்டு ஏறுவ. செரி, ஏறிட்ட. ஆகாய கங்கை பாக்கோணுமா? ஆயிரத்துக்கு மேல படி எறங்கோணும். அங்க உன் 21 இஞ்சு முன்சக்கரம் என்ன பண்ணும்? அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல நெழல்ல நின்னு இளைப்பாறும்.

ஹெல்மெட்டைக் கிண்டல் பண்றேன்னு நெனச்சுக்காதே. அதுவும் கணுக்கால் மூடற பூட்ஸும் ஊட்டு வாசல்லருந்தே இருக்கோணும்.

இப்ப வண்டிக்கு வருவோம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் ஒண்ணு, ராயல் என்ஃபீல்டு இமாலயன் 450 ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல நீ ஊசலாடற. 199 சிசிக்காரன் சுமார் 159 கிலோ, 19 குதிரை. 452 சிசிக்காரன் 196 கிலோ, 40 குதிரை. பேருதான் இமயமலை, செய்யறது மெட்ராஸ் பக்கத்துல. நம்ம கொல்லிமலை ஆயிரத்துச் சொச்சம் மீட்டரு. அதுக்குப் போயி இமயத்தையே கொண்டாரயா?

பைபாஸ்ல பெரியவன் தேவலைன்னு நானே சொல்றேன். முட்டை லாரி ஒண்ணு பக்கத்துல உரசிட்டுப் போறப்ப காத்து அள்ளும் பாரு, சின்ன வண்டி தள்ளாடும். 70, 80ல எக்ஸ்பல்ஸு பூவாட்டம் போவும். நூறைத் தொட்டுட்டா மூச்சு முட்டும், கையி மரத்துப் போவும். பெரியவன் அந்த வேகத்துலயும் வெசனமில்லாம போவான். ஆனா உனக்கு அந்த வேகம் எதுக்கு? ஆபீசுல கால் மணி நேரம் முன்னாலயே போயி டீ குடிக்கவா?

இட்டேரிக்கு வா. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல மாடு நடந்த தடம், ஒரு மழைக்கு வழுக்கற களி. அங்க எல்லாரும் உழுவாங்க. ஒருக்கா மச்சாங்கிட்ட எரவல் வாங்குன கனத்த வண்டிய எடுத்துட்டு மழை விட்ட சாயங்காலம் இட்டேரில போனேன். ஓடை தாண்டறப்ப முன்சக்கரம் செரிஞ்சுது. வண்டி சாஞ்சுது, எங்காலு ஒண்ணு அடியில. தூக்கிப் பாக்கறேன், அசையல. ஆடு ஓட்டிட்டு வந்த கெழவி வந்து நின்னுக்கிட்டு, "ஏனுங் மாப்ள, வண்டி உம்மட மேல ஏறிட்டுப் போவுதா?"ன்னா. அந்தக் கெழவியும் நானும் சேர்ந்துதான் தூக்குனோம். இன்னிக்கு வரைக்கும் அவ ஊட்டு வழியாப் போறதில்ல நான்.

196 கிலோன்னா எவ்வளவு? 4 சிமெண்ட்டு மூட்டை. நாலையும் ஒரே கட்டாக் கட்டி, களிமண்ணுல படுக்கப் போட்டு, கைப்புடிக்கு ஒரு கம்பி குத்திட்டா அதுதான் உன் இமாலயன். தூக்கறதுக்கும் ஒரு வகை இருக்குது. முதுகை வண்டிக்குக் குடுத்து, குந்தி, ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சீட்டடியில. இடுப்புல தம் கட்டக் கூடாது, தொடையில கட்டோணும். வலப்பக்கம் உழுந்திருந்தா மொதல்லயே ஸ்டேண்டை எறக்கி, கியர்ல போட்டுட்டுத் தூக்கு. இல்லீனா தூக்குன வேகத்துல அந்தப் பக்கம் போயி படுத்துக்கும்.

காலு எட்டுமா? அதும் பாரு. ரெண்டுக்குமே சீட்டு 825 மில்லிமீட்டரு, ரெண்டே முக்கா அடிக்கு ஒரு விரக்கடை கொறைச்சல். எக்ஸ்பல்ஸ்ல புரோன்னு ஒண்ணு, 891. உங்கப்பன் உசரந்தானே நீயி? செக்போஸ்ட்டுல நிறுத்தச் சொன்னா ஓரக்கல்லைத் தேடிட்டுத்தான் நிறுத்துவ.

டயர்ல ஒரு ஏமாத்து வேலை இருக்குது. டிராக்டர் டயராட்டம் முண்டு முண்டா ஒண்ணு மாட்டி, படம் புடிச்சுக் காட்டுவாங்க. களியில அது கவ்வும். தெனமும் ஹைவேஸ்ல ஓட்டுனா "உய்ய்"னு அழுதுட்டே தேயும், மழையில பிரேக்கு புடிச்சா வழுக்கும். 26 நாளைக்கு ஒரு டயரு, ஒரு நாளைக்கு ஒரு டயருன்னா எதை மாட்டுவ? வண்டியோட வர்ற ரெட்டைத் தடத்து டயரே போதும். காட்டுக்குப் போறப்ப காத்தைக் கொஞ்சம் எறக்கிக்க, ரோடு ஏறுனதும் மறுபடி அடிச்சுக்க. போக்ஸ் வீலு கல்லுல அடிச்சா வளையும், ஊருலயே கோட்டம் எடுத்துக்கலாம், அலாய்னா வெடிக்கும். ஆனா போக்ஸுக்குள்ள டியூப்பு. வேலாமுள்ளு ஒண்ணு ஏறுனா அங்கயே உக்கார வேண்டியதுதான். இமாலயனுக்கு டியூப் இல்லாத போக்ஸ் வீலும் வருது, அதுக்குத் தனிக் காசு.

காசுன்னதும் ஞாபகம் வருது. 2025 செப்டம்பர் 22லருந்து 350 சிசிக்குள்ள 18 சதம் வரி, அதைத் தாண்டுனா 40. அந்த 40ல ஒரு கறவை மாட்டுக் கன்னு நிக்குது அப்புனு. கவர்மென்ட்டு தொழுவத்துல.

என்னைக் கேட்டா? 1980ல ஓசூர்லருந்து டி.வி.எஸ். 50 வந்துச்சு. அதுக்குப் பேரன்தான் இந்த எக்ஸெல் 100. முன்னால பால் கேனு, பின்னால தீவன மூட்டை, மூட்டை மேல உங்க அம்மாயி. 90 கிலோ கூட இல்ல. இட்டேரி, வாய்க்கா மேடு, உழுத காடு, எங்க போவல இது? ஆப்ரோடுன்னு ஒருத்தனும் இதுக்குப் பேரு வைக்கல. வச்சிருந்தா வெலையை ஏத்தியிருப்பானுங்க.

மூஞ்சி சுருங்குது பாரு! எக்ஸெல்ல சேலம் போன்னு நான் சொல்ல மாட்டேன், பாவம் லாரிக்காரங்க. எம்பட ஓட்டு எக்ஸ்பல்ஸுக்கு. ஆனா நீ பெரியவனைத்தான் எடுப்பேன்னு உன் கண்ணே சொல்லுது. அதான் சிநேகிதன் வண்டிய எரவல் வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கறயே, பெட்டியெல்லாம் மாட்டி.

எந்திரி. அதை ஓட்டிட்டுப் போயி அந்த வாய்க்கா ஓரம், நேத்துத் தண்ணி பாஞ்ச எடத்துல மெல்லச் சாச்சுப் படுக்கப் போடு. சிநேகிதன் திட்டுனா எம்பேரைச் சொல்லிக்க. அப்பறம் ஒத்தையாத் தூக்கு. யாரையும் கூப்புடக் கூடாது, அந்தக் கெழவி இப்ப இல்ல. நான் இங்கயே வெத்தலை மடிச்சுட்டு இருக்கறேன்.