மூக்கில் தேய்த்த நீதி

காவிரிக்கரைக் குமாரபாளையத்தில், நாளெல்லாம் விசைத்தறிச் சத்தத்துக்கே அசையாத குடும்பஸ்தர்கள், இரண்டு மாதம் நிறைந்த ராஜபாளையம் குட்டியொன்று கூடத்தில் விட்டுவைத்த சிறு தீர்த்தத்தைக் கண்டதும் சர்வாங்கமும் பதறி, அரைமணி கழித்து அதன் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்திலேயே தேய்த்து நீதி பரிபாலனம் செய்கிறார்கள். குற்றம் இன்னதென்று அறியாத அந்த ஜீவனோ, எஜமானர் முன்னிலையில் மூத்திரம் பெய்வது அபாயம் என்ற ஒரே பாடத்தைக் கிரகித்துக்கொண்டு, மறுநாள் முதல் பீரோவுக்குப் பின்னால் மறைவிடம் தேடுகிறது. உறங்கி விழித்ததும், உண்டதும், விளையாடி ஓய்ந்ததும் வாசலுக்குத் தூக்கிச் சென்று, காரியம் முடிந்த க்ஷணமே தட்டிக்கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு மனிதரல்லவா எழுந்து நடக்கவேண்டும்! துடைப்பதற்கு மட்டும் குறைவில்லை, ஊரே துண்டு நெய்கிறது; வாடை மிஞ்சிய அதே இடத்துக்குக் குட்டி மறுபடி வந்து சேர்வது வேறு விஷயம்.