கொலுசு வெள்ளியும் மீனின் செவுளும்

கேள்வி: தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காலில் கிடந்த வெள்ளி ஒருவரையும் கொன்றதில்லை, அதே வெள்ளி நானோத் துகளாகி ஆற்றில் இறங்கினால் மீனுக்கு ஆபத்து என்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: உங்கள் பேட்டைக் கொலுசு அணிந்தவள் காலோடு நின்றுவிடும், மீட்டரை நூறு கோடியாய்ப் பகுத்ததில் ஒன்றாகிய நானோமீட்டர் கணக்கில் நூறுக்குள் அடங்கும் துகளோ, தன் எடைக்குப் பொருந்தாத பரப்பை விரித்துவைத்து, வெள்ளி அயனிகளை ஓயாமல் தானம் செய்யும் ஸ்வபாவம் உடையது. அந்தத் தானத்தைக் கொண்டே குடிநீர்க் கிருமிகளைக் கொல்லலாம் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013-ல் காட்டினார்கள். ஆற்றிலோ அதை ஏற்கும் பாக்கியம் மீனின் செவுளுக்கு வாய்க்கிறது. தண்ணீரிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொள்ள உதவும் நொதியை அயனி முடக்கிவிட, அந்த ஜீவன் நீருக்குள்ளேயே உப்பின்றி வாடுகிறது.

துகள் ஆற்றுக்கு வந்து சேரும் வழிகளில் ஒன்று நம் துணி துவைக்கும் தண்ணீர்: நாற்றம் போக்க வெள்ளி பூசிய காலுறைகளை 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் துவைத்துப் பார்த்தபோது, சில ஜோடிகள் சில துவைப்புகளிலேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் வடித்துவிட்டன.

ஆனால், சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துச் சாக்கடைகளை அரவணைத்து, நாமக்கல் சீமை கடந்து காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றைப் போன்ற நதிகளில் ஒரு விசேஷம் உண்டு: சாக்கடையின் கந்தகம், கொலுசைக் கறுக்கவைக்கும் அதே சல்பைடாக வெள்ளியை மாற்றி, விஷத்தைப் பெரிதும் தணித்துவிடும் (சாக்கடையே ஆற்றுக்கு வைத்தியம் என்று மாநகராட்சியாரிடம் சொல்லிவிடாதீர்கள்!), கடினநீரின் உப்புகளோ துகள்களைத் திரளச் செய்து அடிமண்ணில் படியவைக்கும். மேலே நீந்தும் கெண்டை ஓரளவு பிழைத்தது; சேற்றைத் தின்னும் புழுவுக்கும் நத்தைக்கும்தான் அழையாத விருந்து.